பூட்டுக் கிணறு

கிணறு என்றதும் வாளியும் கயிறும் நினைவுக்கு வந்தால் இப்போதே அதை ஓரமாக வைத்துவிடுங்கள். இது மணிக்கட்டு அகலமே உள்ள ஒரு குழாய். தரைக்குள் ஆழமாக இறக்கி, மேலே இரும்பு மூடி போட்டு, மூடியில் ஒரு பூட்டையும் தொங்கவிட்டிருந்தார்கள். குடிக்க ஒரு வாய் தண்ணீர் தராது. மண்ணுக்கடியில் ஓடும் தண்ணீரில் விஷம் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்ப்பதற்காக அரசாங்கம் போட்டது. தெருக்காரர்கள் அதற்குப் பூட்டுக் கிணறு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் அப்படி நிறைய இருந்தன. அதில் ஒன்று மெக்கானிக் வீட்டுக் கொல்லையில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, போகிற வருகிறவர் காலை இடறிக்கொண்டு நின்றது.

பூட்டு மெக்கானிக் வீட்டில். சாவி மெக்கானிக்கின் தங்கையிடம். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை.

தங்கைக்கு, இந்தக் கிணறுகளிலிருந்து பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கும் அரசாங்க உத்தியோகம். வருடத்தில் சில தடவை பெட்டி நிறையக் கண்ணாடி பாட்டில்களோடு வந்து இறங்குவதால் தெருவில் அவளுக்குப் பாட்டில்காரி என்று பெயர். புதிதாகக் கேட்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பார்கள். அவள் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டாள். "அந்த பாட்டிலா இருந்தா நாலு பேர் சிரிச்சுப் பேசியிருப்பாங்களே" என்பாள்.

சிரித்துப் பேசாததற்குக் காரணம் இருந்தது. தெருவின் எதிர்ப்பக்கம் முன்பு ஒரு தொழிற்சாலை. இரும்புச் சாமான்களின் பிசுக்கை ரசாயனத்தில் கழுவி எடுக்கும் வேலை. கழுவிய ரசாயனத்தை என்ன செய்வது என்று முதலாளி ரொம்ப மூளையைக் கசக்கவில்லை. பீப்பாயில் ஊற்றி, பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். பீப்பாய் என்ன, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு அப்படியே கிடக்குமா? துருப்பிடித்து ஒழுகியது. முதலாளி போன இடம் தெரியாமல் போன பிறகு அரசாங்கம் வந்து பார்த்தது. முதலில் சுத்தம் செய்தாக வேண்டிய அபாயக் கழிவு இடங்கள் என்று ஒரு முன்னுரிமைப் பட்டியல் உண்டு. அதில் அந்த இடத்தைச் சேர்த்தார்கள். எல்லைக்கோடு தெருவின் அந்தப் பக்கத்திலேயே நின்றது. இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள்.

விட்ட மூச்சை இழுப்பதற்குள் கோடு இந்தப் பக்கம் வந்துவிட்டது. வரவைத்தது அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது. அண்ணன் வீட்டில் சாப்பிடப் போனவள், அண்ணன் மகள் கொல்லையில் இருந்த அடிபம்பில் வாயை வைத்துத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தாள். குழந்தை அப்போது பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. யாரும் சொல்லாமலே ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். முடிவு வந்தது. பம்பைப் பிடுங்கினார்கள். அந்த வரிசை வீடுகள் முழுக்கப் பட்டியலுக்குள் போயின. அதற்குப் பிறகு அங்கே யாரும் ஒரு முழம் குழிகூடத் தோண்டக் கூடாது, புதிதாக ஒரு சுவர் எழுப்பக் கூடாது. வீட்டை வாங்கவும் நாதி கிடையாது. அக்கம்பக்கத்தார் மெக்கானிக்கின் பட்டறை வாசலில் வந்து நின்று, "உன் தங்கச்சி செஞ்ச காரியத்தப் பாத்தியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அண்ணன் அவளைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? கூடப் பொறந்தவ செய்யிற வேலையா இது?"

"புள்ள குடிக்கிற தண்ணிண்ணே அது."

அவர் கதவைச் சாத்தினார். அதுதான் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு. அந்தக் குழந்தை நன்றாக வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது கையில் ஒரு குழந்தை வைத்திருக்கிறாள். சாத்திய கதவு மட்டும் சாத்தியபடியே இருந்தது.

ஆனால் பக்கவாட்டுக் கேட் திறந்தாக வேண்டும். மாதிரி எடுக்க வருகிறவர்களை வீட்டுக்காரர் தடுக்க முடியாது, அது சட்டம். ஆகவே அவள் அந்தக் கேட் வழியாகவே வருவாள், கொல்லைக்குப் போவாள், அதே வழியில் திரும்புவாள். வேலையும் சட்டென்று முடிகிற வேலை இல்லை. குழாயில் தேங்கிக் கிடக்கும் பழைய தண்ணீரை மோட்டார் வைத்து மெதுவாக இறைத்துக் கொட்ட வேண்டும். மண்ணிலிருந்து புதுத் தண்ணீர் ஊறி வந்து, கருவியின் முள் ஆடாமல் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டிலில் பிடிக்கலாம். அதுவரை அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு முகத்துக்குக் கிரீம் கிடையாது, பவுடர் கிடையாது, வருகிற வழியில் வண்டிக்கு பெட்ரோல் போடக்கூட இறங்க மாட்டாள். துளி வாசனை பாட்டிலில் ஏறினாலும் பரிசோதனைக் கூடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

அண்ணி டீ கொண்டுவந்து மதில்மேல் வைப்பாள். கிணற்றுப் பக்கத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது விதி. அவள் அதைத் தொட மாட்டாள் என்று அண்ணிக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் வைப்பாள். அது ஆறி, ஆடை படிந்து, அங்கேயே இருக்கும்.

அண்ணன் பட்டறையை விட்டுவிட்டு அன்றைக்குப் பார்த்து வீட்டில் இருப்பார். கேட்டால் முதுகுவலி என்பார். அடுப்படி ஜன்னலருகே நின்றுகொண்டு, தன் பெண்டாட்டியைப் பார்த்துப் பேசுவார்.

"அந்த மோட்டார் ஏன் இப்படி இருமுதுன்னு அந்தம்மாகிட்ட கேளு."

அண்ணி இந்தப் பக்கம் திரும்புவாள். "ஏன் இருமுதாம்?"

"ஃபில்டர் அடைச்சிருக்கு அண்ணி. ஆபீஸ்ல மாத்தித் தர மாட்டேங்கிறாங்க."

"ஃபில்டர் அடைச்சிருக்காம்."

"எனக்குக் காது கேக்குது."

"காது கேக்குதுல்ல? அப்ப வாய் எங்க போச்சு?" என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள். "ரெண்டு வீம்புக்கும் நடுவுல நான் ஒருத்தி தபால்காரி!"

சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தபால் போக்குவரத்தில்தான் குடும்பச் செய்தி எல்லாம் ஓடியது. அவளுடைய கால்வலி, அவருடைய சர்க்கரை, மகளுக்குப் பிள்ளை பிறந்தது, எல்லாம் மோட்டார் சத்தத்தினூடே அண்ணி வாய் வழியாகவே போய் வந்தது. பாட்டில்காரி முள் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

மண்ணை அள்ளி, தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்து, வருடக் கணக்கில் வேலை நடந்தது. விஷம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் இல்லை என்றே ஆகிவிட்டது. அவள் அலுவலகத்தில் அதிகாரிக்கு மேற்படியார் என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் 'மேற்படி' இல்லாமல் ஒரு வாக்கியம் வராது. அவர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மேற்படி இடத்தப் பட்டியல்லேருந்து நீக்கப் போறோம்மா. மேற்படி கிணறுங்கள்ல கடைசியா ஒரு சுற்று மாதிரி எடுத்துடுங்க. சுத்தமா வந்துட்டா மேற்படி கிணறுங்க எல்லாத்தையும் சிமெண்ட் ஊத்தி மூடிடலாம்."

"நல்லது சார்" என்றாள். நல்லதுதான். தெருவுக்கே விடியப் போகிறது. அண்ணி பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்த மாடி அறையைக் கட்டலாம், மகளும் மருமகனும் குழந்தையும் ஒற்றை அறை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வரலாம். எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் கிணறு போய்விட்டால் அந்த வீட்டுக்கு அவள் எந்த முகத்தோடு போவாள்? யார் கூப்பிடுவார்கள்?

கடைசிச் சுற்றுக்குப் போனாள். அந்தப் பூட்டு சாதாரணப் பூட்டு இல்லை, மழையில் நனைந்து நனைந்து துருவேறிய கல்லுளிமங்கன். ஒவ்வொரு தடவையும் சாவியை விட்டுத் திருகித் திருகி அவளுக்குக் கை கன்றிப்போகும். போன தடவை எரிச்சலில், "நீ என்னைக்காவது ஒரு நாள் என் கையோடதான் கழண்டு வரப் போற" என்று பூட்டைப் பார்த்தே திட்டியிருந்தாள். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த அண்ணன் காதில் அது விழுந்தது அவளுக்குத் தெரியும்.

இந்தத் தடவை சாவியை விட்டதும் பூட்டு டக்கென்று திறந்துகொண்டது.

அவள் திகைத்துப்போனாள். முகத்தருகே கொண்டுபோனாள். எண்ணெய் வாடை. துருவை இளக்குவதற்கு மெக்கானிக்குகள் டப்பாவிலிருந்து பீய்ச்சுவார்களே, அது. மூடி இடுக்கு, குழாயின் வாய் எல்லாம் பளபளவென்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் அண்ணன் கம்பியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னமோ கம்பி கழன்று விழப்போகிற மாதிரி.

அங்கேயே அவள் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். கிணற்று வாயில் எண்ணெய் என்றால் மாதிரி எடுக்கவே கூடாது, அலுவலகத்துக்குச் சொல்லி, குழாயைக் கழுவி, இன்னொரு நாள் வர வேண்டும். இத்தனை வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் சொன்னால் அண்ணன் செய்தது குற்றமாகிவிடும். இவ்வளவு காலத்தில் அவளுக்காக அவர் செய்த ஒரே காரியம் அது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதுதான் உண்மை. அந்தச் சந்தோஷத்தில் புத்தி கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டது.

"பரவாயில்லையே, நல்லாத் தொறக்குதே" என்று பூட்டிடம் சொல்லிவிட்டு மோட்டார் குழாயை உள்ளே இறக்கினாள்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. "மேடம், மெக்கானிக் வீட்டுக் கிணத்துல எண்ணெய் வருது."

"பழைய ரசாயனம்?"

"அது துளிகூட இல்ல. இது வேற சமாச்சாரம். மாதிரி எடுக்கும்போது வழக்கத்துக்கு மாறா ஏதாவது பாத்தீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். பார்த்தேன் என்று சொன்னால் அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுப்பார்கள், சுத்தமாக வரும், சிமெண்ட் ஊற்றுவார்கள். பார்க்கவில்லை என்று சொன்னால் இந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு இன்னும் ஒரு வருடம் ஓடும். ஒரே ஒரு வருடம். யார் குடி முழுகிவிடும்?

"இல்லையே" என்றாள்.

போனை வைத்த பிறகு அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் மறுபடி எடுத்துப் பேசவில்லை.

விஷயம் தெருவுக்குப் போயிற்று. புதிதாக ஏதோ எண்ணெய் வருகிறதாம், பட்டியலிலிருந்து நீக்க மாட்டார்களாம். ஆளாளுக்குக் கொதித்தார்கள். மேற்படியார் நூலகத்து மாடியில் கூட்டம் போட்டார். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி, பின்னால் ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மைக் வேறு கீச்சென்று கத்தித் தொலைத்தது. பாட்டில்காரி மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள், யாராவது விளக்கம் கேட்டால் சொல்வதற்கு. அண்ணன் கடைசி வரிசையில் நகக்கண்ணில் இருந்த கிரீஸை நோண்டிக்கொண்டிருந்தார். அண்ணி பக்கத்தில்.

"மேற்படி கிணற்றில் மேற்படி எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பது தெரியும் வரை, மேற்படி இடத்தை நீக்குவது இயலாது" என்று மேற்படியார் படித்தார்.

"இன்னும் எத்தன வருஷம்யா எங்கள இப்படி வெச்சிருப்பீங்க?" என்று ஒருவர் எழுந்து கத்தினார். "நாங்க செத்தப்புறம் நீக்குவீங்களா?"

பாட்டில்காரி தரையைப் பார்த்தாள். ஒரே வார்த்தையில் முடிகிற விஷயம். ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தாள். அவரும் வாயைத் திறக்கக் காணோம். பூட்டில் எண்ணெய் அடித்தவருக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலா இருக்கும்? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவரும் தெரிந்தேதான் சும்மா இருக்கிறார்.

அண்ணி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நடந்து வந்து மைக்கைப் பிடித்தாள்.

"அது எங்க வீட்டு எண்ணெய் சார்."

கடைசி வரிசையில் இருந்த புருஷனைக் கை காட்டினாள்.

"இவர்தான் பூட்டுல அடிச்சாரு. அடுப்படியிலேருந்து நான் பாத்தேன். தங்கச்சி பூட்டோட மல்லுக்கட்டுதேன்னு பாவம் பாத்து அடிச்சாரு. அது உள்ள போகும்னு அவருக்குத் தெரியாது, அத விடுங்க. ஆனா எண்ணெய் வருதுன்னு ஊரே கத்தினப்புறமும் வாயத் தொறக்கல பாருங்க, அதச் சொல்லணும். இதோ உக்காந்திருக்காளே, இவளுக்கும் தெரியும். பூட்ட மோந்து பாத்துட்டு இவ மூஞ்சி போன போக்க நான் பாத்தேன். இவளும் வாயத் தொறக்கல. சரி, சரி, நாளைக்குச் சொல்வாங்க, நாளான்னைக்குச் சொல்வாங்கன்னு நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். ஏன் சொல்லலன்னு கேளுங்க."

மேற்படியார் கேட்டார். "மேற்படி விஷயத்த ஏன் சொல்லல?"

"கிணத்த மூடிட்டா இவ எங்க வீட்டு வாசப்படி மிதிக்க வேற சாக்கு கிடையாது சார். அதான். ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சி பாத்துக்கறதுக்கு இவங்களுக்கு ஒரு விஷக் கிணறு வேண்டியிருக்கு! அதுக்காகத் தெருவே பட்டியல்ல கெடக்கணுமா? எம் பொண்ணு கைக்கொழந்தையோட ஒத்த ரூம்ல வேகணுமா?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அண்ணி மைக்கை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உண்மையாம்மா?" என்றார் மேற்படியார். முதல் தடவையாக அவர் பேச்சில் மேற்படி இல்லை.

பாட்டில்காரி எழுந்தாள். "உண்மைதான் சார். எண்ணெய் வாடை அடிச்சது. தெரிஞ்சேதான் குழாய இறக்கினேன். கேட்டப்பவும் பொய் சொன்னேன்." தெருக்காரர்கள் பக்கம் திரும்பி, "மன்னிச்சிடுங்க" என்றாள்.

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. "அவ மேல தப்பில்ல சார். அடிச்சது நான்" என்றார் அண்ணன். அதிகாரியைப் பார்த்துத்தான் சொன்னார், அவளைப் பார்க்கவில்லை. ஆனால் 'அந்தம்மா' என்று சொல்லவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் நடக்க வேண்டியதுதான். அவளுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள், சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள், வெளிவேலையிலிருந்து எடுத்து அலுவலகத்தில் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்ட உட்கார வைத்தார்கள். வேலை போகாததே பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள். வேறு ஒருவர் போய்க் குழாயைக் கழுவி, மறுபடி மாதிரி எடுத்து வந்தார். அந்த பாட்டிலுக்கும் அவள்தான் சீட்டு ஒட்டினாள். சுத்தமாக வந்தது. அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவிப்பு வந்த அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவளும் ஒரு துண்டு சாப்பிட்டாள். கிணறுகளில் சிமெண்ட் ஊற்றியாகிவிட்டது என்று அடுத்த வாரம் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள்.

மழைக்காலம் வந்து போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பினாள். எங்கே என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி, அந்தத் தெருமுனையில் இறங்கினாள். கையில் பெட்டி இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பக்கவாட்டுக் கேட்டை மறைத்துச் செங்கலும் மணலும் குவிந்து கிடந்தன. மாடிக்குத் தூண் எழும்பியிருந்தது. கொடியில் துணி காய்ந்தது, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் வட்டமாகச் சிமெண்ட், அவ்வளவுதான். இனி அந்த வழியாகப் போக முடியாது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு முன்வாசலுக்கு வந்து மணியை அழுத்தினாள். அந்த மணி எப்படி அடிக்கும் என்றுகூட அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அண்ணன் கதவைத் திறந்தார். பார்த்தார். உடனே வீட்டுக்குள் தலையைத் திருப்பி, "ஏய், யாரு வந்திருக்காங்கன்னு பாரு" என்றார்.

உள்ளே யாரும் பதில் சொல்லவில்லை. அண்ணி காலையிலேயே மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்பது அவருக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அங்கே தபால்காரி இல்லை. மெதுவாகத் திரும்பி அவளுடைய வெறுங்கையைப் பார்த்தார்.

"பெட்டி எங்க?"

"பெட்டியெல்லாம் இல்லண்ணே. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?"

"ம். சும்மா."

அவர் கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தார். "அப்புறம் என்ன, வாசல்லயே நிக்கிற?"

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். அவர் அடுப்படியில் எதை எதையோ உருட்டினார், எதையோ கீழே போட்டார், சர்க்கரை டப்பாவைத் தேடித் தேடி அலமாரி எல்லாவற்றையும் திறந்து மூடினார். கடைசியில் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஆவி பறந்தது. அந்த வீட்டு டீயை அவள் சூடாகப் பார்த்தே எவ்வளவோ காலமாகிவிட்டது. எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"டீ நல்லால்லண்ணே."

"தெரியும்" என்றார் அண்ணன். "குடி."